மெய்யும் உயிரும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பேச வேண்டிய மேடையில் கேமராவைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் அவையில் சிலருக்கு எழுவது இயல்பே. கைப்பேசியில் ஆயிரக்கணக்கில் படமெடுத்துச் சலித்த இளைஞர் சிலர் இன்று பழைய பிலிம் கேமராக்களைத் தேடி அலைகின்றனர். அவர்களுள் கவிதை எழுதுவோரும் உளர். முதற் கேமரா ஒன்று எப்படியோ கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. அதில் பத்துச் சுருள் எடுத்து முடிந்ததும், இதைவிட நல்லது ஒன்று வேண்டும் என்னும் ஆசை பிறக்கிறது. அவ்வாசை பிறந்த இடத்தில்தான் பணமும் நம்பிக்கையும் ஒருசேரக் கைநழுவுகின்றன. அதைத் தவிர்க்கும் வழியைத் தமிழ் இலக்கணத்தின் முதல் பாடத்திலேயே காணலாம் என்பதே இவ்வுரையின் கருத்து.

பொத்தேரி மாணவி

பொத்தேரி நிலையத்தில் நாள்தோறும் மின்தொடர்வண்டியிலிருந்து இறங்கும் மாணவர் கூட்டத்தில் ஒருத்தியை அவையோர் மனக்கண்ணில் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவள் தோளில் மாமா தந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா தொங்குகிறது. 1976ஆம் ஆண்டு வெளிவந்து 1997 வரை உருவாக்கப்பெற்ற எளிய கருவி அது. ஒளிப்படம் பயிலும் மாணவர்க்கு உலகெங்கும் ஆசிரியர்கள் பரிந்துரைத்தது. அதனோடு 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் உண்டு. விடுமுறை நாள்களில் அவள் செங்கற்பட்டுக்குச் செல்லும் வண்டியில் ஏறிக் கொளவாய் ஏரியைப் பார்த்தபடி செல்கிறாள். அங்கிருந்து சில நாள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்திற்கும், சில நாள் வேடந்தாங்கலுக்கும் பேருந்து பிடிக்கிறாள்.

ஓராண்டு சேர்த்த பணம் அவள் கையில் இருக்கிறது. அதைக் கொண்டு மேலான பழைய கேமரா உடல் ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கடையில் இதனைப் ‘பாடி’ என்றே சொல்வர். தவறான பொருளை வாங்கிவிட்டால் மறுபடியும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை படமும் இல்லை. ஆகவே அவளுக்கு இது பொழுதுபோக்குச் செய்தியன்று.

வாங்குமுன் அவள் மூன்று படங்களை மேசைமீது பரப்பி வைக்கிறாள். மூன்றும் அவளுக்கு மனக்குறை தந்தவை. முதலாவது, வேடந்தாங்கலில் எடுத்த நத்தைகுத்தி நாரை. படத்தில் அது நெல்மணி அளவே இருக்கிறது. இரண்டாவது, கதிரவன் எழும்போது எடுத்த கடற்கரைக் கோயில். வானம் நன்றாக வந்திருக்க, கோயில் கரித்துண்டாக நிற்கிறது. மூன்றாவது, நண்பகலில் கடற்கரை மணலில் எடுத்த வலை உலர்த்துவோர். படத்தின் ஓர் ஓரம் மட்டும் இருண்டு கிடக்கிறது. மூன்றுக்கும் காரணம் கேமரா பழையதாக இருப்பதே என அவள் முடிவு செய்திருந்தாள். அம்முடிவில் மூன்றில் ஒரு பங்கே உண்மை. எந்தப் பங்கு என்று அறிவதற்கு, உடல் என்பது எது என்று முதலில் தெளிய வேண்டும்.

மெய் தானே ஒலியாது

தமிழில் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் பகுத்தனர். மெய் என்றால் உடல். மெய்யெழுத்து அகரத்தோடு சேர்ந்தே இயங்கும் என்பது தொல்காப்பியர் கண்ட நெறி. கேமராவின் உடலும் அத்தகையதே. ஒளியை வளைத்து உருவமாக்குவது லென்ஸ். அவ்வுருவத்தை ஏற்றுப் பதித்துக்கொள்வது பிலிம். இவ்விரண்டிற்கும் இடையே இருட்டைக் காத்து, குறித்த நேரத்திற்கு மட்டும் கதவைத் திறந்து மூடுவது உடலின் வேலை. இவற்றோடு, படம் எடுப்பவருக்கு லென்ஸ் காண்பதைக் காட்டுவது எஸ்.எல்.ஆர். எனப்படும் வகையின் தனிச்சிறப்பு. லென்ஸ் வழியே வரும் ஒளியைச் சாய்ந்த கண்ணாடி மேலே திருப்புகிறது. ஐமுகப் பட்டகம் அதனை நேராக்கிக் கண்ணுக்குத் தருகிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி எழ, ஷட்டர் திறந்து, ஒளி பிலிமைச் சேர்கிறது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. ஒரே லென்ஸ், ஒரே பிலிம், ஒரே ஒளித்துளை, ஒரே நேர அளவு ஆகியவை அமைந்துவிட்டால், எளிய கே1000 தரும் படமும் அதே நிறுவனம் 1980இல் வெளியிட்ட உயர்ந்த எல்.எக்ஸ். தரும் படமும் வேறாக இரா. கணினிக் கேமராவில் இது பொருந்தாது. அங்கே ஒளியைப் பதியும் பரப்பு உடலுக்குள்ளேயே இருப்பதால், உடலை மாற்றினால் படமும் மாறும். பிலிம் கேமராவிலோ புதிய சுருள் இடுந்தோறும் பதியும் பரப்பு புதிதாகிறது. ஐம்பதாண்டுப் பழைய உடலிலும் இன்று செய்த பிலிம் இன்றைய தரத்தையே காட்டும்.

1984ஆம் ஆண்டின் இறுதியில் பெஷாவருக்கு அருகிலிருந்த அகதிகள் முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படத்தை அவையோர் பலரும் கண்டிருப்பர். 1985 சூன் மாத நேஷனல் ஜியாகரபிக் இதழின் அட்டையில் வந்தது அது. அப்படத்தை எடுத்த உடல் நிக்கான் எஃப்எம்2. அதே வகை உடல்கள் உலகெங்கும் விற்கப்பட்டன, இன்றும் பழைய பொருளாகக் கைமாறுகின்றன. அவ்வுடலை வாங்கியவருக்கு அந்தக் கண்கள் கிடைத்துவிடவில்லை. அங்கே உடல் செய்த தொண்டு, பிழையின்றித் திறந்து மூடியது.

மூன்று குறைகளும் அவற்றின் இடமும்

இனி மாணவியின் மூன்று படங்களைப் பார்க்கலாம். நாரை சிறிதாக வந்தது லென்ஸின் எல்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸ் எந்த உடலில் பூட்டினாலும் அந்நாரை அதே அளவில்தான் விழும். 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று அதே இடத்திலிருந்து நான்கு மடங்கு பெரிதாகக் காட்டும். இக்குறைக்கு உடல் வாங்குதல், சொல் கிடைக்காத கவிஞர் தாளை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

கோயில் கரியாக வந்தது அளவறியாமையின் விளைவு. கேமராவில் உள்ள ஒளிமானி தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கொண்டு கணக்கிடும். எழும் கதிரவனைப் பின்னே வைத்துக் கோயிலை நோக்கினால், அது வானத்தின் பேரொளியைக் கணக்கிட்டு நேரத்தைச் சுருக்கிவிடும். கேமராவைச் சற்றே தாழ்த்தி, கோயிலின் பக்கத்து நிழல்தரையைக் கொண்டு அளந்திருந்தால் கல்லின் வடிவம் தெரிந்திருக்கும். வானம் வெளிறியிருக்கும். இரண்டில் எது வேண்டும் என்று முடிவு செய்வது எடுப்பவரின் பணி. விலையுயர்ந்த உடல்களில் நுட்பமான ஒளிமானி உண்டு எனினும், அம்முடிவை அது எடுத்துத் தராது.

மூன்றாவது படத்தின் இருண்ட ஓரம்தான் உடலின் குறை. அதனை விளக்க மாத்திரைக் கணக்கு வேண்டும்.

ஷட்டரின் மாத்திரை

கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் மாத்திரை என்பது இலக்கணம் தந்த அளவு. நெடிலுக்கு 2, குறிலுக்கு 1, மெய்க்கு அரை, மகரக்குறுக்கத்திற்குக் கால் என ஒவ்வொன்றும் முன்னதில் பாதியாகக் குறைந்து செல்வதை அவையோர் அறிவர். கேமராவின் நேரச் சக்கரத்திலும் இதே முறைதான் பொறிக்கப்பட்டுள்ளது. 1 நொடி, அதில் பாதி, அதில் பாதி எனக் குறைந்து 60இல் ஒன்று, 125இல் ஒன்று, 250இல் ஒன்று, 500இல் ஒன்று, கே1000இல் இறுதியாக 1000இல் ஒன்று. ஒவ்வொரு படியும் ஒளியைப் பாதியாக்குகிறது.

குறிலை நீட்டினால் கல் காலாகிவிடுகிறது. 500இல் ஒரு நொடி திறக்க வேண்டிய ஷட்டர் சோர்ந்து 250இல் ஒரு நொடி திறந்தால் பிலிமில் இருமடங்கு ஒளி விழுகிறது. வண்ண நெகட்டிவ் பிலிம் இப்பிழையை ஓரளவு பொறுக்கும். ஸ்லைடு எனப்படும் நேர்ப்பட பிலிம் பொறுக்காது. பழைய உடலில் முதலில் கேட்க வேண்டியது அதன் மாத்திரை சரியா என்பதே.

துணித்திரை ஷட்டர் உள்ள கேமராக்களில் இரண்டு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. வேகமான நேரங்களில் அவற்றுக்கிடையே ஒரு சிறு பிளவு மட்டுமே பிலிமின் குறுக்கே நகர்கிறது. மசகு உலர்ந்து முதல் திரை தளர்ந்தால், இரண்டாம் திரை அதனை எட்டிப் பிடித்துவிடும். பிளவு வழியிலேயே மூடிக்கொள்ள, படத்தின் ஓர் ஓரம் இருளும். மாணவியின் கடற்கரைப் படத்தில் நேர்ந்தது இதுவே. நண்பகல் வெயிலில் 1000இல் ஒன்று என்னும் நேரத்தில் எடுத்ததால் அது வெளிப்பட்டது. மற்றப் படங்கள் மெதுவான நேரங்களில் எடுக்கப்பட்டதால் அக்குறை மறைந்தே இருந்தது.

இதனை ஆராயக் கருவி எதுவும் வேண்டா. பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸைக் கழற்றி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ நோக்கி வைத்து, ஒவ்வொரு நேரத்திலும் பலமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். மிக வேகமான நேரத்திலும் சட்டம் முழுவதும் ஒளி மின்னி மறைய வேண்டும். ஓர் ஓரம் இருண்டால் அவ்வுடல் பழுது பார்க்கப்பட வேண்டியது. 1 நொடியில் இயக்கி ஒலியைக் கேட்க வேண்டும். தொடக்க ஒலிக்கும் முடிவு ஒலிக்கும் இடைவெளி ஒரு நொடி இருத்தல் வேண்டும். இன்று கைப்பேசியில் மெதுவாக ஓடும் காணொளி எடுத்து இவ்விடைவெளியை எண்ணிப் பார்க்கவும் இயலும். நெடுங்காலம் இயக்காமல் வைத்த உடலில் முதல் இயக்கம்தான் உண்மையைச் சொல்லும். பத்துமுறை இயக்கிய பின் இளகிவிடும் குறையை விற்பவர் காட்டமாட்டார். ஆகவே கடைக்காரர் இயக்கிக் காட்டுவதற்கு முன்பே கையில் வாங்கிக்கொள்வது நலம்.

உயிரும் மெய்யும் புணரும் இடம்

லென்ஸ் உடலோடு பூட்டும் வளையம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறானது. உடலை மாற்ற எண்ணுவோர் பலர் இதனை மறந்துவிடுகின்றனர். நிக்கான் 1959இல் அமைத்த எஃப் வளையத்தை இன்றளவும் கைவிடவில்லை எனினும், 1977க்கு முற்பட்ட திருத்தப்படாத லென்ஸ்களை எஃப்எம்2 போன்ற பின்னைய உடல்களில் பூட்ட முயன்றால் உடலுக்குக் கேடு நேரும். பென்டாக்ஸ் 1975இல் திருகு வளையத்தை விட்டுக் கே வளையத்திற்கு மாறியது. மினோல்ட்டா 1985இலும் கேனான் 1987இலும் தானே குவியும் கேமராக்களுக்காகப் பழைய வளையங்களை முற்றிலும் துறந்தன. பழைய லென்ஸ்கள் புதிய உடல்களில் பொருந்தாமல் அநாதைகளாயின.

ஆகவே நிறுவனத்தை மாற்றுவோர் உடலை மட்டும் மாற்றுவதில்லை. கையிலுள்ள லென்ஸ் அனைத்தையும் துறக்கின்றனர். பொத்தேரி மாணவி எஃப்எம்2 வாங்கினால் அவளது 50 மில்லிமீட்டர் லென்ஸ் பெட்டிக்குள் முடங்கும். உடலுக்குச் செலவிட்டபின் நாரைக்கான லென்ஸுக்குப் பணம் எஞ்சாது. கே வளையத்திற்குள்ளேயே நின்றால் பழைய லென்ஸும் பயன்படும், பின்னர் வாங்கும் லென்ஸும் பயன்படும்.

நிறுவனம் மாறத் தக்க காரணமும் உண்டு. பகல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் பயன்படுத்தித் திருமணப் படமெடுப்போர்க்கு, ஷட்டர் முழுமையாகத் திறந்திருக்கும் மிக விரைவான நேரம் எது என்பது முதன்மையானது. கே1000இல் அது 60இல் ஒன்று. 1984க்குப் பிந்தைய எஃப்எம்2இல் 250இல் ஒன்று. அத்தொழில் செய்வோர்க்கு அம்மாற்றம் வேண்டுவதே. நாரையும் கோயிலும் எடுப்பவளுக்கு அது வேண்டுவதில்லை. பிறருடைய தேவைக்காகச் செய்த பொருளை வியந்து வாங்குவதே பெரும்பாலான ஏமாற்றங்களின் வேர்.

ஏடு பார்ப்பது போல

சுவடி பார்த்துப் பழகியோர் ஏட்டின் அழகை நம்புவதில்லை. செல்லரித்த இடம் எது, முறிந்த ஏடு எது, இடையில் விடுபட்டது எது என்றே பார்ப்பர். பழைய உடலையும் அவ்வாறே பார்க்க வேண்டும்.

பின்கதவின் ஓரங்களில் ஒளி புகாமல் காக்கும் நுரைப்பட்டை இருக்கும். ஆண்டுகள் செல்ல அது தார் போலக் கரைந்து ஒட்டும். அதனால் படத்தில் செந்நிறக் கீற்றுகள் விழும். இது எளிதில் மாற்றத்தக்கது, ஆகவே இதற்கு அஞ்ச வேண்டா. விலையைக் குறைக்க இதனைச் சுட்டிக் காட்டலாம். பார்வைச் சாளரத்தில் கருங்கோடுகள் தெரிந்தால் பட்டகத்தின் வெள்ளிப்பூச்சு உதிர்கிறது என்பது பொருள். அது படத்தைக் கெடுக்காது, பார்ப்பவரின் பொறுமையைக் கெடுக்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் காற்றின் ஈரமும் உப்பும் பெரும் பகை. லென்ஸில் சிலந்திவலை போன்ற பூசணம், மின்கல அறையில் பச்சைக் களிம்பு, திருகுகளில் துரு ஆகியவை கடலோரத்தில் நெடுநாள் பையில் மூடிக் கிடந்த கேமராவின் அடையாளங்கள். மின்கல அறையின் மூடியைத் திறந்து பார்க்காமல் எவரும் பணம் கொடுத்தல் ஆகாது.

மின்கலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கே1000, எஃப்எம்2 போன்ற எந்திர ஷட்டர் கேமராக்களில் மின்கலம் ஒளிமானிக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் படமெடுக்கலாம். கேனான் ஏஇ-1 போன்றவற்றில் மின்கலம் இல்லையேல் ஷட்டரே அசையாது. அவற்றின் மின்சுற்று பழுதானால் மாற்று உறுப்பு கிடைப்பதும் அரிது. 1960களிலும் 70களிலும் வந்த கேமராக்கள் சில பாதரச மின்கலத்தை நம்பியவை. அம்மின்கலம் இப்போது விற்பனையில் இல்லை. வேறு மின்கலம் இட்டால் ஒளிமானி பொய் சொல்லக்கூடும்.

கடைத்தெருவில் இன்னொரு மயக்கமும் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1991க்கு முந்தைய காலத்தில் இத்தகைய கேமராக்கள் வெளிநாட்டிலிருந்து திரும்பியோர் பெட்டியிலும் பர்மா பஜார்க் கடைகளிலும்தான் மிகுதியும் வந்தன. அரும்பொருள் என்பதால் பல கேமராக்கள் அலமாரியிலேயே பூட்டி வைக்கப்பட்டன. அவை இன்றும் புதியன போல மின்னுகின்றன. உள்ளே மசகு இறுகிக் கிடக்கிறது. இன்னொரு புறம், ஒளிப்படக்காரர் கையில் நாள்தோறும் உழைத்து, கருப்புப்பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும் உடல்கள் உண்டு. அவை பெரும்பாலும் காலந்தோறும் துப்புரவு செய்யப்பெற்று இயங்கி வந்தவை. கிடந்த உடலைக் காட்டிலும் நடந்த உடல் நம்பத்தக்கது. எதுவாயினும் சோதித்தே கொள்ள வேண்டும். கையிலுள்ள பணத்தை மூன்றாகப் பகுத்து, ஒரு பங்கை உடலுக்கும், ஒரு பங்கைத் துப்புரவுப் பணிக்கும், ஒரு பங்கைப் பிலிமுக்கும் ஒதுக்குவோர் பின்னர் வருந்துவதில்லை.

மா. கிருஷ்ணன் பூட்டிய கேமரா

இவ்வளவும் கூறியபின் ஒரு மனிதரை நினைவுகூர்வது கடமை. தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்து 1996இல் சென்னையில் மறைந்தவர். 1950 முதல் இறுதிவரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை குறித்த பத்தி எழுதியவர். தமிழிலும் பறவைகளையும் விலங்குகளையும் பற்றி எழுதியவர். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். வேடந்தாங்கலை நன்கு அறிந்து எழுதியவர். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர்.

அவருடைய கேமராவைக் கண்டு வியந்தோர் பலர். அசாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த இயற்கையியலாளர் இ.பி. ஜீ அதனைப் பற்றி நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். உடல் ஒரு நிறுவனத்தினுடையது. தொலைலென்ஸ் வேறொரு நிறுவனத்தினுடையது. மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் கிருஷ்ணன் தாமே இணைத்துப் பூட்டியிருந்தார். ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் சூட்டினார். கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத கேமரா அது.

கிருஷ்ணன் மேலான உடலை நாடவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் ஆகாது. தம் கண்ணுக்கு எது தேவை என்று அவர் முன்னரே அறிந்திருந்தார். யானையைத் தொலைவிலிருந்து, அதன் காட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு எந்த லென்ஸ், அந்த லென்ஸுக்கு எந்த உடல் என்ற வரிசையில் அவர் சிந்தித்தார். தேவை முதலில், உயிர் அடுத்து, மெய் அதற்கும் அடுத்து. வாங்குவோர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, உடலை வாங்கிவிட்டுத் தேவையைத் தேடுகின்றனர்.

திரும்பி வாராதவை

உடலை நம்பத்தக்கதாகத் தேர வேண்டும் என்பதற்கு இன்னும் ஆழ்ந்த காரணம் உண்டு. மாணவி மாமல்லபுரம் செல்லும் வழியிலுள்ள திருக்கழுக்குன்றத்தில், நாள்தோறும் நண்பகலில் இரண்டு வெண்கழுகுகள் வந்து அர்ச்சகர் கையால் உணவு பெற்றுச் சென்றதைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்டனர். மஞ்சள்முகப் பாறு என்று பறவையியலார் கூறும் இனம் அது. நாளையும் வரும் என்றே அனைவரும் எண்ணியிருந்தனர். சென்ற நூற்றாண்டின் இறுதியோடு அவை வருவது நின்றுவிட்டது. படமெடுக்காமல் தள்ளிப்போட்டவர்க்கு இனி வாய்ப்பில்லை. படமெடுத்தும் ஷட்டர் பழுதால் ஓரம் இருண்டு போனவர் இருந்திருந்தால், அவர் துயரம் இன்னும் பெரிது.

கருவிகளும் அவ்வாறே திரும்பி வாராதவையாகி வருகின்றன. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ‘இந்து’ என்னும் பெயரில் பிலிம் செய்து நாடெங்கும் அனுப்பியது. அத்தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. நீலகிரியில் செய்த பிலிமில் தமிழகத்தின் முகங்கள் பதிந்த காலம் முடிந்துவிட்டது. கோடாக்ரோம் பிலிம் 2009இல் நிறுத்தப்பட்டது. அதன் இறுதிச் சுருளைப் பெற்ற மெக்கரி, 36 படங்களே எஞ்சியிருந்த நிலையில், அவற்றுள் சிலவற்றை இந்தியாவில் எடுத்தார். கேனான் தன் இறுதி பிலிம் எஸ்.எல்.ஆர். விற்பனையை 2018இல் முடித்துக்கொண்டது. நிக்கான் எஃப்6 என்னும் இறுதிக் கேமராவை 2020இல் நிறுத்தியது. ஆகவே பிலிம் எஸ்.எல்.ஆர். நாடுவோர்க்கு இன்று கிடைப்பதில் ஏறத்தாழ அனைத்தும் பிறர் கையாண்டு விட்டவையே. ஒன்றை நன்கு தேர்ந்து துப்புரவு செய்து பேணுவோர், குறைந்துகொண்டே வரும் ஒரு செல்வத்தில் ஒன்றைக் காப்பாற்றுகின்றனர்.

மாணவியின் முடிவு

பொத்தேரி மாணவி மூன்று உடல்களைக் கையில் எடுத்துப் பார்க்கிறாள் என்று கொள்ளலாம். ஒன்று புத்தம் புதிதாக மின்னும் ஏஇ-1. அதன் மின்கல அறையில் பச்சைக் களிம்பு. மற்றொன்று புகழ்பெற்ற எஃப்எம்2. அதில் குறையொன்றும் இல்லை, ஆனால் அவள் லென்ஸ் அதில் பூட்டாது. மூன்றாவது, 1976இல் வெளிவந்த பென்டாக்ஸ் எம்எக்ஸ். விளிம்புகளில் பித்தளை தெரிகிறது. நுரைப்பட்டை கரைந்திருக்கிறது. 1 நொடி ஒரு நொடியாக ஒலிக்கிறது. 1000இல் ஒன்றில் சட்டம் முழுதும் ஒளி பாய்கிறது.

எம்எக்ஸின் மிக விரைவான நேரமும் கே1000இன் நேரமேதான். எண்களை மட்டும் ஒப்பிட்டால் இதில் முன்னேற்றம் இல்லை. எனினும் அதன் பார்வைச் சாளரம் பெரியது. உலகம் ஏறத்தாழ உள்ள அளவிலேயே தெரிகிறது. ஒளித்துளையும் நேரமும் சாளரத்திற்குள்ளேயே காண்கின்றன. கே1000இல் ஒளிமானியின் முள் மட்டுமே தெரியும். கண்ணை எடுக்காமல் எண்ணை அறிவதால், கோயிலை அளந்தபோது நேர்ந்த பிழையை அவள் அங்கேயே உணர்வாள். லென்ஸும் அப்படியே பொருந்துகிறது. மிச்சப் பணத்தில் துப்புரவு முடித்து, பழைய 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் அவள் பார்த்து வைக்கிறாள். கே1000ஐ அவள் விற்கவில்லை. மெதுவான நேரங்களில் அது இன்னும் பிழையற்றது. கறுப்பு வெள்ளைச் சுருள் அதிலும், வண்ணச் சுருள் புதியதிலுமாக இரண்டு உடல்களும் ஒரே லென்ஸைப் பகிர்ந்துகொள்ளும். புதிய உடலில் முதற் சுருளைச் சோதனைக்கே செலவிட்டு, கழுவிப் பார்த்த பின்னரே வேடந்தாங்கலுக்குப் பேருந்து ஏறுவாள்.

கவிஞர் பெருமக்களே, மெய் என்னும் சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் இருபொருள் தந்தது தமிழ். கேமராவின் உடலை வாங்கச் செல்வோர் இரண்டாம் பொருளையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். சொன்ன நேரத்திற்குத் திறந்து, சொன்ன நேரத்திற்கு மூடி, இருட்டைக் காக்க வேண்டிய இடத்தில் காக்கும் உடலே மேலான உடல். அது விலை குறைந்ததாகவும் பித்தளை தெரிவதாகவும் இருக்கலாம். உயிர் வேறிடத்திலிருந்து வர வேண்டும். நாரை இறங்கும் வரை நீரோரத்தில் காத்திருப்பவரிடமிருந்தே அது வரும்.